240 பதிவுகள் இருந்தும் வாசகர் குறைந்த ஒரு வலைப்பூ: நிகழ்வு ஆய்வு

"தம்பி, தினமும் ஒரு பதிவு போட்டா ஏறிடுமா?"

அண்ணன் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றிப் பல வருடங்களாக வலைப்பூ எழுதி வருகிறவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே அவர் அண்ணன் மட்டும்தான். கைவேலை தெரிந்தவர், அதை எடுத்துச் சொல்லவும் தெரிந்தவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். என்னிடம் வந்தபோது அவர் கணக்கில் 240-க்கு மேல் பதிவுகள் இருந்தன. அதற்கு முந்தைய மாதம் 30 நாளில் 30 பதிவு எழுதிப் பார்த்திருக்கிறார். வாசகர் வரைபடம் அசையவே இல்லை. விரல் வலி மட்டும் மிச்சம் என்றார். குரலில் சலிப்பைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

அந்த வலைப்பூவை அடுத்த ஏழெட்டு மாதம் இருவருமாகத் திருத்தினோம். அதில் புதிதாக எழுதிய பதிவுகள் பதினொன்றுதான். மீதி நேரமெல்லாம் ஏற்கெனவே எழுதியதற்கே போனது. வாசகர் திரும்பி வந்தது அந்த வேலையால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதைச் செய்தோம், எது பலித்தது, எது என் கையாலேயே கெட்டது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வேறு எந்தப் பொருளில் வலைப்பூ நடத்துகிறவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

சரிவு தொடங்கிய வாரம்

"கூகுள் அப்டேட் அடிச்சிருச்சு தம்பி" என்பதுதான் அண்ணனின் சொந்தக் கணிப்பு. வாசகர் குறைந்த பதிவர் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். அது பல சமயம் உண்மையும்கூட. கூகுள் 2022 ஆகஸ்டில் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற பெயரில் ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அதைத் தன் முதன்மைத் தரவரிசைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. இடையில் பல தளங்கள் சரிந்தன. ஆனால் இப்படிப்பட்ட மாற்றங்கள் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் கூகுளே ஒரு பக்கத்தில் வெளியிடுகிறது. நம் சரிவு தொடங்கிய வாரத்தை அந்தத் தேதிகளோடு வைத்துப் பார்க்காமல் பழி சொல்வது, ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்காமலே மருந்து கொடுப்பது மாதிரி.

சர்ச் கன்சோலைத் திறந்தோம். நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி அது. நல்லவேளை, தளத்தை அண்ணன் முன்பே அதில் சேர்த்து வைத்திருந்தார். அது 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையது போய்விடும். வரைபடத்தில் கோடு இறங்கத் தொடங்கிய வாரம் எந்த அப்டேட்டோடும் பொருந்தவில்லை. அது பதினோரு மாதத்துக்கு முன்பு, அண்ணன் இலவச வலைப்பூ சேவையிலிருந்து வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளுக்குக் குடிபெயர்ந்த வாரம். இன்னும் ஆறு மாதம் தாமதித்து வந்திருந்தால் அந்தச் சான்றே அழிந்திருக்கும். அதனால்தான் இன்று யார் கேட்டாலும், வலைப்பூ தொடங்கிய அன்றே சர்ச் கன்சோலில் சேருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவை இறக்கி ஒரு கோப்பில் வையுங்கள் என்கிறேன். பத்து நிமிட வேலை.

முகவரி

குடிபெயர்ந்ததில் என்ன கெட்டது? எழுத்தெல்லாம் அப்படியே வந்திருந்தது. படங்களும் தெரிந்தன. பதிவுகளின் முகவரிகள் மட்டும் அத்தனையும் மாறியிருந்தன.

பழைய சேவை முகவரியில் தமிழ் எழுத்தை ஏற்காது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் 'பிளாக்-போஸ்ட்_23' என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிடும். தமிழில் நீண்ட நாள் எழுதியவர்களுக்கு இந்த வாலைப் பார்த்ததும் சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும். புதிய இடத்தில் தலைப்பிலிருந்தே முகவரி உருவானது. அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரிக்குள் அது போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்து-எண்ணுமாக மாறுகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மிதிவண்டிச்' என்ற சொல்லில் 11 குறியீடுகள், அதாவது 99 இடம். 'சங்கிலியைக்' என்பதும் 11, இன்னொரு 99. நடுவில் ஒரு கோடு. மொத்தம் 199. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்.

அண்ணனின் தலைப்புகள் இப்படி: 'மிதிவண்டிச் சங்கிலியைக் கழற்றுவது எப்படி', 'மிதிவண்டிச் சங்கிலியைக் கழுவுவது எப்படி', 'மிதிவண்டிச் சங்கிலியைக் காப்பது எப்படி'. மூன்றும் இரண்டு சொல்லிலேயே வெட்டுப்பட்டு, ஒரே முகவரியாகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு நின்றன. கழற்றுவதா, கழுவுவதா, காப்பதா என்பது முகவரியில் இல்லவே இல்லை. யாராவது அரட்டைக் குழுவில் பகிர்ந்தால் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள் ஓடின. பார்த்தவர்கள் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடவில்லை என்று ஒரு வாசகரே எழுதியிருந்தார்.

அதைவிடப் பெரிய இழப்பு பழைய முகவரிகளில் இருந்தது. பல வருடங்களாக மற்றப் பதிவர்கள் கொடுத்த இணைப்புகள், வாசகர்கள் குறித்து வைத்த பக்கங்கள், தேடுபொறிக்குத் தெரிந்த இடங்கள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்ற 404-ல் போய் முட்டின. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே முகவரியை மாற்றாதீர்கள் என்று மன்றாடி எழுதினார். கால் நூற்றாண்டு கடந்தும் வலைப்பூக்கள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகவே இருக்கிறது.

ஒரு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. இலவச சேவையில் இருந்தபோதே அண்ணன் சொந்தப் பெயரை வாங்கி அதில் இணைத்திருந்தார். பெயர் அவர் கையில் இருந்ததால் பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட முடிந்தது. சேவையின் பெயரோடு ஒட்டிய இலவச முகவரியாக இருந்திருந்தால் இந்த மாதிரித் திருப்பிவிட வழியே கிடைத்திருக்காது. வலைப்பூவுக்கென்று ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் சொந்தப் பெயருக்குச் செய்யுங்கள். வடிவமைப்புக்கோ விளம்பரத்துக்கோ அது பிறகு வரட்டும்.

செய்தது இதுதான். ஒரு விரிதாளில் முதல் பத்தியில் பழைய முகவரி, இரண்டாவதில் புதியது. 240 வரிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்லில், ரோமன் எழுத்தில், சுருக்கமான முகவரி கொடுத்தோம். தமிழ் முகவரி தேடலுக்குத் தடையில்லை, தேடுபொறிகள் அதைப் படிக்கும். பகிரும்போது உடைவதும் நீளம் வெட்டுப்படுவதும்தான் எங்களை இந்த முடிவுக்குத் தள்ளின. பிறகு 301 என்ற நிரந்தரத் திருப்பம். 302 தற்காலிகம் என்று பொருள்படும், அதைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சோம்பேறி வழியும் உண்டு. செயின் கழற்ற வந்தவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதில் யாருக்கும் பயன் இல்லை, தேடுபொறியும் அதைக் காணாமல்போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நாங்கள் எடுக்கப் போவதே இல்லை.

இதற்கு மூன்று வார இறுதிகள் ஆயின. வலைப்பூவுக்கு நாங்கள் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த வேலை இதுதான். ஒரு வரிகூட எழுதவில்லை.

மிதிவண்டியும் சைக்கிளும்

சர்ச் கன்சோலில் ஒவ்வொரு பதிவும் எந்தத் தேடலில் தோன்றியது என்று பார்க்கலாம். அண்ணனை அருகில் உட்கார வைத்து அந்தப் பட்டியலை வாசித்தேன். 'சைக்கிள் செயின்', 'சைக்கிள் டயர்', 'பிரேக் பிடிக்கல'. அவர் பதிவுகளிலோ மிதிவண்டி, சங்கிலி, உருளிப்பட்டை, தடுப்பி.

"மிதிவண்டின்னு எழுதினாத்தான் தம்பி எனக்கு எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். கலைச்சொல் மீது அவருக்கு இருப்பது வாழ்நாள் பற்று. ஆனால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கையில் கிரீஸோடு ஃபோனில் தேடுகிறவர் 'உருளிப்பட்டை' என்று தேடப் போவதில்லை. வெகுநேரம் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தலைப்பிலும் முதல் பத்தியிலும் வாசகர் வாயில் வரும் சொல் இருக்கும். உள்ளே அவர் விரும்பும் சொல் வரும், முதல் முறை வரும்போது வழக்குச் சொல்லோடு சேர்ந்து வரும். இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம், சில மாதம் கழித்து வாசகர் கடிதங்களில் 'சங்கிலி' என்ற சொல் தென்பட ஆரம்பித்தது. தேடி வந்தவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் தெரிந்தது. இஞ்சு, இன்ச், இஞ்ச், அங்குலம் என்று ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள். அத்தனையையும் தலைப்பில் அடுக்குவது அசிங்கம். ஒரு பதிவை இயல்பாக, விரிவாக எழுதினால் இரண்டு மூன்று வடிவங்கள் தானே வந்துவிடும். அதற்கு மேல் வலிந்து திணிக்க வேண்டியதில்லை.

ஐந்து பதிவு, ஒரே கேள்வி

விரிதாளில் இன்னும் சில பத்திகள் சேர்த்தோம்: 16 மாதத்தில் எத்தனை கிளிக், எத்தனை முறை தேடலில் தோன்றியது, கடைசியாகத் திருத்திய தேதி, முடிவு. முடிவு நான்கில் ஒன்று. வைத்துக்கொள், திருத்து, இன்னொன்றோடு சேர், நீக்கு.

வருகிற வாசகரில் பெரும்பகுதியைப் பத்துப் பதினைந்து பதிவுகளே கொண்டு வந்துகொண்டிருந்தன. இது எல்லா வலைப்பூவிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நம் வலைப்பூவில் அவை எவை என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. அண்ணன் பெருமையாக நினைத்த பதிவுகள் எதுவும் அந்தப் பதினைந்தில் இல்லை. அவர் அரைமணியில் தட்டிப் போட்ட இரண்டு பதிவுகள் இருந்தன.

செயின் தேய்மானம் பற்றி மட்டும் வெவ்வேறு வருடங்களில் எழுதிய ஐந்து பதிவுகள் கிடைத்தன. ஒன்றில் தேய்மானக் கருவி, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் வாசகர் ஒருவருக்கான பதில். ஐந்தும் ஒரே தேடலுக்குப் போட்டியிட்டு, ஐந்தும் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தன. ஐந்தையும் பிரித்து ஒரே பதிவாக்கினோம். முதல் பத்தியே இப்படித் தொடங்கும்: சாதாரண 12 இஞ்சு அளவுகோலை எடுங்கள். பூஜ்யக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதிய செயினில் 12 இஞ்சுக் கோடும் இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயின் அரை சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். இன்னும் ஓட்டினால் பல்சக்கரமும் தேயும்.

கருவி வாங்க வேண்டியதில்லை. இந்தச் சோதனை ஐந்தில் ஒரு பழைய பதிவின் பின்னூட்டத்தில், அண்ணன் யாருக்கோ சொன்ன பதிலாகப் புதைந்து கிடந்தது! பின்னூட்டங்களைப் படிக்காமல் பழைய பதிவை மூடாதீர்கள் என்பேன். நம் சிறந்த வரிகள் பல நேரம் அங்கேதான் இருக்கும், கேட்ட ஆளை நினைத்து எழுதியதால். மீதி நான்கு முகவரிகளையும் புதிய பதிவுக்கு 301 கொடுத்தோம்.

'இரண்டு நாள் பதிவு வராது', 'புத்தாண்டு வாழ்த்துகள்' போன்ற நாற்பதுக்கும் மேற்பட்ட அறிவிப்புகளை நீக்கினோம். பழையது எல்லாவற்றையும் அழித்தால் தளம் ஏறும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. யாரோ ஒருவருக்குப் பயன்படும் பதிவு வருடத்துக்கு இருபது பேரை அழைத்து வந்தாலும் இருக்கட்டும். அண்ணனின் தந்தை அவருக்குச் சக்கரம் கோணல் எடுக்கக் கற்றுக்கொடுத்தது பற்றிய பதிவு ஒன்று உண்டு. தேடலில் அதற்கு ஒரு கிளிக்கூட இல்லை. அதைத் தொடவே கூடாது என்று நான்தான் சொன்னேன்.

26 இஞ்சு

திருத்தியதில் எனக்கு மிகப் பிடித்த பதிவு டயர் அளவு பற்றியது. தேடலில் நிறையத் தோன்றிக்கொண்டிருந்தது, கிளிக் கொஞ்சம், வந்தவரும் சில நொடியில் திரும்பிவிட்டார்கள். தலைப்பு 'உருளிப்பட்டை அளவுகள்: ஓர் அறிமுகம்'. முதல் மூன்று பத்தி 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற வரலாறு. நல்ல வரலாறுதான். ஆனால் அந்தப் பதிவைத் தேடி வருகிறவர் யார்? ஒரு வாசகர் அஞ்சலில் எழுதியிருந்தார்: "ஐயா, 26 என்று போட்ட டயர்தான் வாங்கினேன். பழையதும் 26 தான். ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. நெம்பி நெம்பிக் கை புண்ணாகிவிட்டது."

அவரை மனதில் வைத்து எழுதுங்கள் அண்ணே என்றேன். அடுத்த வாரம் வந்த பதிவு இப்படித் தொடங்கியது: டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண்தான் முக்கியம். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 26 x 1 3/8 என்று எழுதிய டயருக்கு அது பெரும்பாலும் 590. 26 x 1.75 என்று புள்ளி வைத்து எழுதியதற்கு 559. 26 x 1 1/2 என்றால் 584. மூன்றும் 26 தான், ஒன்றின் ரிம்மில் மற்றொன்று உட்காராது. 590-க்கும் 559-க்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், 559 டயர் 590 ரிம்மில் எவ்வளவு நெம்பினாலும் ஏறாது. உங்கள் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள்.

கடைசி வரியை அவர் தானாகச் சேர்த்தார். அந்த வரிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

படம் எடுப்பதில் சிக்கல் வந்தது. அந்த எண் கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே புடைத்திருக்கும், ஃபோன் கேமராவில் எதுவும் தெரியாது. அண்ணன் ஒரு சாக்பீஸை எடுத்துப் படுக்க வைத்து எண்ணின் மேல் மெதுவாகத் தேய்த்தார். புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டியது, 37-590 பளிச்சென்று எழுந்து வந்தது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ வைத்துப் படமெடுத்தோம். பிறகு சாக்பீஸ் தேய்ப்பதையும் ஒரு படமாக்கிப் பதிவில் சேர்த்தோம், வாசகருக்கும் அதே சிரமம் இருக்குமே.

2024 மே மாதம் முதலில் அமெரிக்காவிலும், பிறகு மற்ற நாடுகளிலும் கூகுள் தேடல் பக்கத்தின் தலையிலேயே இயந்திரம் எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. '26 இஞ்சு எத்தனை மில்லிமீட்டர்' என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடலாம். வெறும் எண்ணைச் சொல்லும் பதிவுக்கு இனி வாசகர் குறைவார் என்றே நினைக்கிறேன். சாக்பீஸ் தேய்த்த படத்துக்கும், கை புண்ணானவருக்குச் சொன்ன ஆறுதலுக்கும் வாசகர் பதிவுக்குத்தான் வந்தாக வேண்டும். நம் கை பட்ட அனுபவம் பதிவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது இப்போது எங்கள் வழக்கம்.

டன்லப் வரலாறு தனிப் பதிவாகி, இதன் அடியிலிருந்து ஓர் இணைப்பாக நிற்கிறது. அதையும் படிக்கிறார்கள், டயரை மாட்டி முடித்த பிறகு.

ஒன்பது நாள்

இனி என் தவறு. புதிய வடிவமைப்பைச் சோதிக்கத் தளத்தின் நகல் ஒன்றை உருவாக்கினேன். சோதனை நகல் தேடலில் வரக் கூடாது என்பதற்காக, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பிரிவில் இருக்கும் 'தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். சரியான காரியம். எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துவிட்டு நகலின் தரவுத்தளத்தை அப்படியே உண்மைத் தளத்தின் மேல் ஏற்றினேன். அந்தக் குறி தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

தளம் கண்ணுக்கு அழகாக இருந்தது. அண்ணன் மகிழ்ந்தார். ஒவ்வொரு பக்கமும் தேடுபொறியிடம் 'என்னைச் சேர்க்காதே' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள்தான் கண்டுபிடித்தேன், அதுவும் டயர் பதிவைத் தேடிக் காணாமல். சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் 'நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டவை' என்ற வரி வீங்கியிருந்தது. மூன்று வார இறுதி உழைப்பை என் கையாலேயே குழியில் தள்ளிவிட்டேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அண்ணனிடம் உடனே சொன்னேன். "சரி, எடுத்தாச்சுல்ல, விடு" என்றார்.

குறியை எடுத்த பிறகு முக்கியமான பதிவுகளைக் கையால் மறுபடி சமர்ப்பித்தோம். ஒரு நாளைக்குச் சிலதான் முடியும். மீதி தானாகத் திரும்பிவர வாரங்கள் ஆயின. இப்போது தளத்தில் எதைத் தொட்டாலும், முடித்ததும் ஒரு பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் குறியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பழைய, புதிய முகவரிகளில் பத்தைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. எதையும் மாற்றும் முன் முழு நகலொன்றை வேறிடத்தில் வைப்பதும் அன்றிலிருந்து கட்டாயம்.

மாதக் கடிதம்

முன்பு அண்ணனுக்கு ஓடை (புதிய பதிவுகளை வாசகரிடம் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ்) வழியாகவே நிறைய வாசகர்கள் இருந்தார்கள். ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்ட பிறகு, பல வலைப்பூக்களைப் போலவே அவருக்கும் அந்த வழி மெலிந்தது. பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பிவந்த ஓர் இலவச சேவையும் பின்னாளில் நின்றது. பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், அண்ணன் கவனிக்கவில்லை. சில நூறு பேர் ஒரே நாளில் கைவிட்டுப் போனார்கள். வாசகர் முகவரிப் பட்டியல் நம் கணினியில் ஒரு நகலாவது இருக்க வேண்டும் என்பதை அவர் இப்போது என்னைவிட அழுத்தமாகச் சொல்கிறார்.

பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். மாதம் ஒரு கடிதம், படமோ வண்ணமோ இல்லாமல் வெறும் எழுத்து. பதிவின் அடியில் 'சந்தா செய்யுங்கள்' என்று எழுதியபோது யாரும் சேரவில்லை. 'அடுத்த மாதம் பிரேக் வயர் மாற்றுவது பற்றி எழுதுகிறேன், வேண்டுமானால் முகவரி கொடுங்கள்' என்று மாற்றியதும் சேர்ந்தார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்பினால் அஞ்சல் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளும் வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், குப்பை என்று புகாராவது 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் பட்டியல் அதன் பக்கத்தில்கூட வராது. இருந்தாலும் முதல் நாளே எல்லாவற்றையும் அமைத்தோம், குப்பைப் பெட்டியில் விழும் கடிதத்தை எழுதி என்ன பயன்?

கடிதத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'உங்கள் சைக்கிளில் இப்போது என்ன கோளாறு?' பதில் வந்துகொண்டே இருக்கிறது. புதிதாக எழுதிய பதினொரு பதிவுகளில் எட்டு அந்தப் பதில்களிலிருந்து பிறந்தவை. எதைப் பற்றி எழுதுவது என்று அண்ணன் இப்போது என்னிடம் கேட்பதே இல்லை.

மற்ற சில

படங்கள். ஃபோனில் எடுத்த 4000 பிக்சல் படங்களை அப்படியே ஏற்றியிருந்தார், ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி. 1200 பிக்சலுக்குக் குறைத்து, கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) வடிவில் மாற்றினோம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், பெரும்பாலான பதிவுகள் அதற்குள் வந்துவிட்டன.

சமூக ஊடகம். ஒரு பதிவு ஒரு குழுவில் பரவி ஒரே நாளில் கூட்டம் வந்தது. மறுநாள் போய்விட்டது. தவறில்லை, ஆனால் அதை நம்பி நேரத்தைச் செலவிட அண்ணனுக்கு வலுவில்லை.

விளம்பரம். படித்துக்கொண்டிருக்கும்போது வரிகளைக் கீழே தள்ளும் கட்டங்களை மறுத்துவிட்டோம். கையில் ஸ்பேனரோடு படிக்கிறவருக்கு அது பெரிய தொல்லை. காசு கொடுத்து இணைப்பு வைக்கச் சொல்லி வரும் அஞ்சல்களுக்குப் பதில் போடுவதில்லை. எப்போதாவது ஏற்றால் அதற்கான 'ஸ்பான்சர்டு' குறியை இணைப்பில் வைப்போம், 2019-லிருந்து அப்படி ஒரு குறி இருக்கிறது. வாசகருக்கும் வெளிப்படையாகச் சொல்வோம்.

இப்போது

தேடலிலிருந்து வரும் வாசகர் குடிபெயர்ந்த நாளுக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டார்கள். அண்ணன் மாதம் ஒரு புதிய பதிவு எழுதுகிறார், இரண்டு பழைய பதிவைத் திருத்துகிறார். விரிதாளில் 'திருத்து' என்று குறித்தவற்றில் இன்னும் 38 வரிகள் நிறம் மாறாமல் இருக்கின்றன. போன வாரம் கை புண்ணான அந்த வாசகரிடமிருந்து ஒரு படம் வந்தது: சாக்பீஸ் தேய்த்த டயர், 37-590 என்ற எண், அந்த டயர் சரியாக உட்கார்ந்த ரிம். அந்தப் படத்தைப் பதிவில் சேர்க்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டு அண்ணன் எழுதியிருக்கிறார். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.